பேராதனைக்குத் தப்பு சத்தம் கேக்கலையா? மௌனகுருவும் நம்ம காமன் பொட்டலும்

பெப்ரவரி 19, இரவு 9.10 (கொட்டகலைப் பக்கத்து மாணவர் ஒருத்தர் கேட்டது)

உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் எடுத்திருக்கேன். நோட்ஸ் பூரா வித்தியானந்தன், சிவத்தம்பி, மௌனகுருன்னு கூத்த ஆராய்ஞ்ச பேராசிரியருங்க. கூத்தோட ரெண்டு பாணி வடமோடி, தென்மோடி, ஆடுற எடம் களரி, பழக்குற வாத்தியாரு அண்ணாவியார் எல்லாம் மனப்பாடம். நாளைக்கு எங்க தோட்டத்து டிவிசன்ல காமன் கூத்துக்கு (சிவன் மன்மதன எரிச்ச கதை) கம்பம் ஊன்றாங்க, அதப்பத்தி நோட்ஸ்ல அரைப் பக்கம்கூட இல்ல. மௌனகுரு பேராதனைப் பல்கலைக்கழகத்துலதானே படிச்சாரு? பேராதனையில இருந்து ஹட்டன் எவ்வளவு தூரம்? அவுங்களுக்கெல்லாம் நம்ம தப்பு மேளச் சத்தம் கேக்கவே இல்லையா?

பெப்ரவரி 19, இரவு 11.45 (வாத்தியாரா இருக்கிற என் பதில்)

பஸ்ஸுல ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம். கேள்வி சரியான கேள்விதான் தம்பி, ஆனா ஆளப்பத்தி நோட்ஸ்ல இருக்கிறத மட்டும் வச்சிக்கிட்டு வழக்குப் போடாத. நோட்ஸ்ல பட்டமும் புத்தகப் பட்டியலும்தான் இருக்கும், மனுசன் இருக்க மாட்டாரு.

மௌனகுரு 1943ல மட்டக்களப்பு அமிர்தகழியில பொறந்தவரு. வந்தாறுமூலை மத்திய கல்லூரியில படிச்சிட்டு 1960கள் தொடங்குறப்ப பேராதனைக்கு வர்றாரு. அங்க பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்த மேடைக்கு எடுத்துக்கிட்டு இருந்த நேரம். கர்ணன் போர் 1962, நொண்டி நாடகம் 1963, பெறகு 60கள் நடுவுல இராவணேசன். அதுல இராவணனா ஆடுன பையன்தான் இவரு. அதாவது படிக்க வந்த எடத்துல ஊருக் கூத்த ஆடி, ஆடுனதையே பெறகு ஆராய்ச்சி பண்ணி, அதே விசயத்துல கலாநிதிப் பட்டம் வாங்கி, அதுக்குப் பெறகும் ஆடுறத விடல. புத்தகத்துல இருந்து கூத்துக்கு வந்த ஆளு இல்ல அவரு, காலுல சதங்கை கட்டிட்டுத்தான் பேனாவையே எடுத்தாரு. இது ஒனக்கு நோட்ஸ்ல வராது.

மிச்சம் நாளைக்கு. காலைல பள்ளிக்கூடம் இருக்கு.

பெப்ரவரி 20, மாலை

கேள்விக்கு வர்றேன். தப்பு சத்தம் ஏன் கேக்கலன்னா, அத அங்க கொண்டுபோக ஆள் இல்ல, முதல் காரணம் அதுதான். 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்ம தோட்டத்துச் சனத்தோட குடியுரிமை போச்சு, அதுக்கு அடுத்தாப்புல வாக்குரிமையும் போச்சு. நம்ம பெரியவங்க படிச்ச தோட்டப் பள்ளிக்கூடம்னா ஒரு மண்டபம், ஒரு வாத்தியாரு, அஞ்சாம் வகுப்போட முடிஞ்சுது, பெறகு தொழிலாளியா பேரு பதிஞ்சு மலைக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பள்ளிக்கூடங்கள அரசாங்கம் எடுத்ததே 70கள்ல. அப்ப 1962ல பேராதனைத் தமிழ்த்துறையில எத்தன தோட்டத்துப் புள்ளைங்க ஒக்காந்திருக்க முடியும்? மட்டக்களப்புப் புள்ள வந்துச்சு, அதோட மட்டக்களப்புக் கூத்தும் வந்துச்சு. யாழ்ப்பாணத்துப் புள்ள வந்துச்சு, யாழ்ப்பாணத்துப் பாட்டும் வந்துச்சு. நம்ம புள்ள போகல, காமனும் லயத்துலயே (தோட்டத்து வரிசை வீடுகள்லயே) நின்னுட்டான்.

கோவப்படணும்னா இதுக்குக் கோவப்படு. மௌனகுருவுக்கு அப்ப இருவது வயசு.

பெப்ரவரி 20, கொஞ்சம் கழிச்சு

இடையில ஒருத்தரு வித்தியானந்தனும் மட்டக்களப்புக்காரர்தான்னு எழுதியிருக்காரு. இல்லைங்க, அவரு யாழ்ப்பாணம், வீமன்காமம். 1924ல பொறந்து 1989ல காலமானாரு, கடைசியில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராவும் இருந்தாரு. யாழ்ப்பாணத்து ஆளு மட்டக்களப்பு அண்ணாவிமாரத் தேடிப்போனாருங்கிறதுதான் இங்க முக்கியம். சொந்த ஊருக் கலைய மட்டும்தான் தூக்கிப் பிடிப்பாங்கங்கிற வாதம் அவருகிட்ட நிக்காது.

பெப்ரவரி 21, காலை

இன்னொருத்தரு "மனமே தமிழ்க் கூத்தக் காப்பியடிச்சது"ன்னு ஒத்த வரியில போட்டுட்டுப் போயிட்டாரு. இது சுத்திக்கிட்டே இருக்கிற கதை. பேராதனைப் பேராசிரியர் சரச்சந்திர 1956ல மனமேங்கிற சிங்கள நாடகத்தப் போட்டப்போ அவரு எடுத்தது 'நாடகம'ங்கிற சிங்களக் கூத்து மரபு, அம்பலாங்கொடைப் பக்கத்து குருன்னான்சே (அவுங்க அண்ணாவியார்) ஒருத்தர்கிட்ட ஒக்காந்து கத்துக்கிட்டுத்தான் போட்டாரு. அந்த நாடகமவே கரையோரக் கத்தோலிக்கத் தமிழ்க் கூத்து வழியா வந்ததுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. ஒளிச்சு வச்சிருந்தாத்தான் காப்பி. 1961ல சிங்கபாகுன்னு இன்னொரு நாடகம். பேராதனையில மரத்துக்கடியில படிக்கட்டு வெட்டின அந்தத் திறந்தவெளி அரங்கு, வளன்னு சொல்லுவாங்க, இப்ப சரச்சந்திர பேருலதான் இருக்கு. அந்த நாடகங்களப் பாத்துட்டுத்தான் வித்தியானந்தனுக்கு நம்மகிட்டயும் இருக்கேன்னு தோணிச்சு. ஒரே கேம்பஸ், ரெண்டு மொழி, பத்து வருசத்துக்குள்ள ரெண்டு பேரும் ஊருக்குப் போயி பெரியவங்க காலடியில ஒக்காந்து கத்துக்கிட்டு வந்திருக்காங்க. இப்ப இந்த நாட்டுல நடக்கிறத நெனச்சா... சரி விடுங்க.

பெப்ரவரி 22, ஞாயிறு, நீளமா எழுதுறேன், பொறுமை உள்ளவங்க வாசிங்க

வித்தியானந்தன் பண்ணுனது என்னன்னு சொல்லாம மௌனகுருவப் பத்திப் பேச முடியாது. மட்டக்களப்புல கூத்துன்னா வட்டக்களரி, நாலு பக்கமும் சனம், ராத்திரி தொடங்கி விடியும் வரைக்கும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாட்டி அரைச்சு ஒரு கிலோத் தூளா வர்ற மாதிரி அந்த ராத்திரி பூரா ஆட்டத்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள்ள எறக்கிட்டாங்க. வட்டக்களரி போயி ஒரு பக்கம் மட்டும் தொறந்த படச்சட்ட மேடை வந்துச்சு. உடுப்பு, லைட்டு, உச்சரிப்பு, பாத்திரத்தோட உணர்ச்சி எல்லாத்தையும் திருத்துனாங்க. படிச்ச சனம் கொழும்புல காசு குடுத்து வந்து பாத்துச்சு. கூத்தாடின்னு எளக்காரமா சொன்ன வாயெல்லாம் கூத்துக் கலைன்னு சொல்லத் தொடங்கிச்சு. அது சின்ன விசயம் இல்ல.

மௌனகுரு அதுல இருந்து ஒரு அடி தாண்டுனாரு. இராவணன், கர்ணன்னு பழைய கதையையே ஆடிக்கிட்டு இருக்காம, 60களோட கடைசியில சங்காரம் எழுதுறாரு. வடமோடி ஆட்டம், தாளக்கட்டு எல்லாம் அப்புடியே, ஆனா மேடையில வர்ற அரக்கனுங்க யாருன்னா சாதி, இனம், மதம், வர்க்கம். அவனுங்கள சங்காரம் பண்றது உழைக்கிற சனத்தோட தலைவன். அது பெறகு யாழ்ப்பாணத்துலயும் நாடக அரங்கக் கல்லூரி மூலமா மேடையேறிச்சு. 80கள்ல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், குழந்தை சண்முகலிங்கம் மாதிரி நாடக ஆளுங்களோட ஒண்ணா வேலை. சின்னப் புள்ளைங்களுக்கு தப்பி வந்த தாடி ஆடு. 90கள்ல மட்டக்களப்பு, கிழக்குப் பல்கலைக்கழகம், சுவாமி விபுலானந்தர் பேருல இருக்கிற இசை நடன நிறுவனம். இதுக்கெல்லாம் முன்னாலயே 1979ல சித்திரலேகா, நுஃமானோட சேந்து 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்'னு ஒரு புத்தகம். 1998ல மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்னு அந்தத் தடிப் புத்தகம், அதத்தான் கலாசார வரலாறுன்னு நான் சொல்லுவேன், ஏன்னா அதுல வெறும் ஆட்டம் மட்டும் இல்ல, எந்தச் சடங்குல இருந்து எது வந்துச்சு, எந்தச் சமூகம் எத ஆடுது, ஏன் ஆடுதுன்னு தோண்டியிருக்காரு.

நடிகன், எழுத்தாளன், நெறியாளன், வாத்தியாரு, ஆராய்ச்சியாளன்னு அஞ்சையும் ஒரே ஆளு தூக்கிக்கிட்டுப் போனது நம்ம நாட்டுல ரொம்பக் கொறவு. சிவத்தம்பி சாரு அறிவுல மலை. பர்மிங்ஹாம்ல பழந்தமிழ் நாடகத்தப்பத்தி ஆராய்ச்சி பண்ணுனவரு, நடிச்சவரும்தான். ஆனா அவரோட மேடை கடைசியில புத்தகம். மௌனகுருவுக்கு புத்தகம் எழுதுனாலும் அது மேடைக்குத்தான் திரும்பி வருது. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வாங்க.

பெப்ரவரி 22, இரவு

சங்காரம்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. நான் படிப்பிச்ச ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துல அதுல இருந்து ஒரு பகுதிய புள்ளைங்கள வச்சுப் பழக்குனேன். தொழிலாளர் தலைவனா நடிக்கிற பையன்கிட்ட, நீதான் எல்லாரையும் ஒண்ணு சேக்கணும், நெஞ்ச நிமித்தி நட்டுக்குத்தா வான்னு சொல்லிக்குடுத்துக்கிட்டு இருக்கேன், பின்னால இருந்து ஒரு புள்ள ரொம்ப சீரியசா கேக்குது, "சார், இவரு எந்த சங்கத்துத் தலைவரு?"

ரிகர்சல் அத்தோட முடிஞ்சுது. யாராலயும் சிரிப்ப நிறுத்த முடியல. பெறகு யோசிச்சா, அந்தப் புள்ள கேட்டது பெரிய விமர்சனம். மட்டக்களப்புலயும் யாழ்ப்பாணத்துலயும் தொழிலாளர் தலைவன்னா ஒரு கனவு, அவன மேடைக்குக் கொண்டு வந்தா சனம் கை தட்டும். நம்ம ஊருல தலைவன்னா தொழிற்சங்கச் சந்தாக் காசு, ஜீப்பு, தேர்தலுக்குத் தேர்தல் வர்ற கூரைத் தகரம். அரக்கன் நாலு பேரையும் நம்ம சனம் ஒடனே புரிஞ்சிக்கிச்சு, விளக்கமே தேவப்படல. மீட்பனத்தான் நம்ப மாட்டேங்குது.

பெப்ரவரி 23

"அப்ப காமன் கூத்தையும் ஒன்றரை மணித்தியாலமா சுருக்கி மேடையேத்தலாமே, ஒங்கள மாதிரி வாத்தியாருங்க ஏன் செய்யல?"ன்னு ஹட்டன்ல இருந்து ஒருத்தரு.

செஞ்சு பாத்தாங்க, நானும் பாத்திருக்கேன், சாகித்திய விழா மேடையில. ரதியும் மன்மதனும் மினுக்கு உடுப்புல மைக்குக்கு முன்னால நின்னு பாடுனாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, கை தட்டுனாங்க. ஆனா காமன் இல்ல அது.

நான் சின்னப் பையனா இருக்கறப்ப எங்க தோட்டத்துல ரதி வேசம் கட்டுனவரு பக்கத்துக் காம்பராவுல இருந்த அண்ணன். ஆம்பளதான் ரதி கட்டும். மாசி அமாவாசை முடிஞ்சு மூணாம் நாளு காமன் பொட்டல்ல (கூத்துக்குன்னு இருக்கிற வெட்டவெளியில) கம்பம் ஊன்றுவாங்க, காப்புக் கட்டுவாங்க, அதுல இருந்து அவரு பழைய ஆளு இல்ல, கவ்விச்சி கெடையாது, செருப்பு கெடையாது. பகல்ல மலையில தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவாரு, ராத்திரி ரதி. லயம் லயமா வருவாங்க, வாசல்ல தண்ணி ஊத்தி மஞ்சள் தெளிச்சு வரவேப்போம். சிவனோட தவத்தக் கலைக்க மன்மதன் பொறப்படறப்ப ரதி கெட்ட கனவு கண்டு போகாதீங்கன்னு தடுக்கிற எடம் இருக்கு பாரு, தர்க்கப் பாட்டு, புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி. நெத்திக்கண்ணத் தொறந்து எரிச்ச பெறகு ரதி ஒப்பாரி வைக்கும். அந்த ஒப்பாரிக்கு எங்க லயத்துப் பொம்பளைங்க நெசமாவே அழுவாங்க. செத்துப்போன புருசன, இந்தியாவுக்குப் போயிட்ட மகள, எல்லாத்தையும் சேத்து அழுவாங்க. அடுத்து எரிஞ்சவன் எந்திரிக்கணும், அதையும் செய்யாம விட்டா தோட்டத்துக்கு ஆகாது.

இத எங்கன்னு வெட்டுறது? அதோட மேடை பொட்டல் மட்டும் இல்ல, மேல் லயம், கீழ் லயம், பங்களா ரோடு, கோயிலு எல்லாம் அதோட மேடை. பாக்குறவங்க தனி, ஆடுறவங்க தனின்னு இல்ல.

பெப்ரவரி 23, பின்குறிப்பு

மட்டக்களப்புக் கூத்தும் கோயிலோட ஒட்டினதுதானேன்னு கேப்பீங்க. ஆமா. ஆனா அங்க கூத்துன்னு தனியா ஒரு கதை, ஒரு ஏடு, அதப் பழக்க அண்ணாவியார், சட்டம் குடுக்கிறது (அவங்கவங்க பாத்திரத்துப் பாட்ட எழுதிக் குடுக்கிறது), சதங்கை அணிதல், அரங்கேற்றம்னு படிப்படியா ஒரு பயிற்சி இருக்கு. அத மேடைக்குத் தூக்குறது கஷ்டம்தான், முடியாதது இல்ல. காமன் விரதம், அதுதான் வித்தியாசம். நம்ம பக்கத்துல மேடைக்கு ஒத்துவர்றதுன்னா பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ரெண்டயும் யோசிக்கலாம், ஆனா தபசு மரத்த எந்த மண்டபத்துக்குள்ள நடுவீங்க? கூரையப் பிச்சுக்கிட்டுத்தான் அருச்சுனன் ஏறணும்.

பெப்ரவரி 25

இந்த வாதம் நாம புதுசா கண்டுபிடிச்சது இல்லங்கிறதையும் சொல்லிடறேன். மட்டக்களப்புலயே இது நடந்திருக்கு. மௌனகுரு இராவணேசன கிழக்குப் பல்கலைக்கழகப் புள்ளைங்கள வச்சு மறுபடியும் பெரிசாப் போட்டாரு, லைட்டு, கோரஸ், பல வாத்தியம் எல்லாம் சேத்து. இன்னொரு பக்கம் சி. ஜெயசங்கரும் அவரோட ஆளுங்களும், கூத்த ஊரவிட்டுத் தூக்காத, ஊருக்குள்ளேயே போயி ஊர்ச் சனத்தோட ஒக்காந்து பேசி அவுங்க களரியிலேயே காலத்துக்குத் தக்கபடி மாத்துங்கன்னு கூத்து மீளுருவாக்கம்னு ஒண்ணு செஞ்சாங்க, சீலாமுனையில. ரெண்டு பக்கமும் காரசாரமா எழுதிக்கிட்டாங்க.

நான் எந்தப் பக்கம்னு கேட்டா, இராவணேசன் விசயத்துல மௌனகுரு பக்கம், காமன் விசயத்துல ஜெயசங்கர் பக்கம். நழுவுறேன்னு நெனைக்காதீங்க. இராவணேசன் போர்க்களக் கதை. தம்பியையும் மகனையும் எழந்துட்டு கடைசியா தானே எறங்குற ஒரு ராசா. அத எந்த மேடையில போட்டாலும் நிக்கும், ஏன்னா அது தனி ஆளோட வீழ்ச்சி. காமன்ல விழறவனும் எந்திரிக்கிறவனும் ஒரு ஆளு இல்ல, தோட்டமே.

பெப்ரவரி 26

தமிழ்மொழித் தினப் போட்டியப் பத்தி ஒருத்தரு ஆரம்பிச்சு வச்சிருக்காரு, அதுல எனக்கு நெறைய இருக்கு. நாட்டுக்கூத்துப் பிரிவுக்கு நம்ம மலையகப் பள்ளிக்கூடங்க எதக் கொண்டு போகுது? முக்காவாசி வடமோடி. யூடியூப்ல பாத்து, இல்லன்னா மட்டக்களப்புல இருந்து வந்து இங்க வேல செய்யற டீச்சர் பழக்கி. புள்ளைங்க அருமையா ஆடுதுங்க, சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா "தகதிகதா தெய்யத் தோம்" போடுற அதே பையன் வீட்டுக்குப் போயி ராத்திரி தப்பு எடுத்தான்னா அந்தக் கைக்கு வர்ற அடி வேற. அந்த அடிக்கு மார்க் போட நடுவர்கிட்ட பெட்டி இல்ல. ஒரு மொற நாங்க தப்போட போனோம், சபைக்கு ஏத்த வாத்தியம் இல்லன்னு ஒரு நடுவர் சொன்னாரு. சாவு வீட்டு மேளம்னு அவரு மனசுல. அதுக்குள்ள சாதி ஒக்காந்திருக்கு. சங்காரத்துல வர்ற முதல் அரக்கன் நடுவர் மேசையில பேனாவோட இருந்தாரு, வேற என்ன சொல்ல.

இதுல மௌனகுருவ இழுக்காதீங்க. அவரு படிப்பிச்சது இது இல்ல. அவரு புத்தகத்த ஒழுங்கா வாசிச்சிருந்தா பறைமேளக் கூத்தப்பத்தி மட்டக்களப்புல என்ன இருக்குன்னு அந்த நடுவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

பெப்ரவரி 28

நம்மளப் பத்தி யாரும் எழுதலங்கிறதும் முழுசா சரியில்ல. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுங்கள சேத்து வச்சிட்டுப் போனாரு. மாத்தளை வடிவேலன் மலையகத்துக் கூத்துங்களப் பத்தி எழுதியிருக்காரு. பெறகு பேராதனையிலயும் கிழக்குலயும் நம்ம புள்ளைங்களே போயி ஆய்வுக் கட்டுரை எழுதுறாங்க. கொறை என்னன்னா, எழுதுனவரு ஆடல, ஆடுனவரு எழுதல. மௌனகுருவ நான் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறது அதுக்காகத்தான், அவரு மட்டக்களப்புக்காரர்ங்கிறதுக்காக இல்ல.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல அஞ்சேகால் லட்சம் பேர இந்தியாவுக்குன்னு எழுதுனாங்க. கப்பல் ஏறினதுல எத்தனையோ காமன் வாத்தியாருங்க. எங்க தோட்டத்துல பாட்டு நோட்டு வச்சிருந்த தாத்தா 70கள்ல போயிட்டாரு, நோட்டும் போச்சு. இப்ப பாடுறது ஞாபகத்துல இருந்து பாடுறது, எடையெடையில சினிமா மெட்டு.

மார்ச் 1

கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்திருக்காரு. "அப்ப பரீட்சையில மௌனகுருவ விமர்சனம் பண்ணி எழுதலாமா?"

எழுது, ஆனா "மலையகத்தப் புறக்கணிச்சாரு"ன்னு எழுதாத, ஆதாரம் கேட்டா மாட்டுவ. அவரு செஞ்சத வரிசையா எழுது, அண்ணாவியார்கிட்ட கத்துக்கிட்டது, ஆடுனது, புதுக் கருத்த பழைய ஆட்டத்துல வச்சது, பல்கலைக்கழகத்துல பாடமாக்குனது, ஓய்வு எடுத்த பெறகும் அரங்க ஆய்வுகூடம்னு வச்சு எளசுகளோட வேல செஞ்சது. எழுதி முடிச்சிட்டு, இந்த வழி காமன் கூத்துக்குப் பொருந்துமான்னு ஒரு பந்தி. அதுக்கு மார்க் வருமான்னு என்கிட்ட கேக்காத.

மார்ச் 2, இரவு

தம்பிக்கு மட்டும். நாளைக்கு ஒங்க டிவிசன்ல காமன் எரிக்கிறாங்கன்னு எழுதியிருந்த, ஃபோன்ல எடுக்கப் போறேன்னும் எழுதியிருந்த. பகல்லயே காமன் வாத்தியாரு வீட்டுக்கு வெத்தல பாக்கோட போயி கேட்டுட்டு எடு. பாட்டோட வரிசைய அவரு வாயாலயே சொல்லச் சொல்லி முதல்ல அத ரெக்கோட் பண்ணு, ஆட்டத்த பெறகு பாத்துக்கலாம், ஆட்டத்த எல்லாரும் எடுப்பானுங்க. ரதி கட்டுறவரு யாருகிட்ட கத்துக்கிட்டாரு, அவரு யாருகிட்டன்னு கேட்டு பேரெல்லாம் எழுதிக்க. எந்தப் பாட்டு இப்ப பாடுறதில்ல, ஏன் விட்டாங்கன்னு கேளு, அதுதான் எல்லாத்தையும்விட முக்கியம். ஜாக்கெட் போட்டுக்கிட்டுப் போ, விடியப்பொறம் பனி எறங்கும். வீரபத்திரன் வேசம் வர்றப்ப முன்னால போயி ஃபோன நீட்டிக்கிட்டு நிக்காத, கயிறு புடிக்கிறவனுங்க ஒன்னையும் சேத்து இழுத்துட்டுப் போயிருவானுங்க.